கீழ்ப்பாதி

என் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்துக்கு ஒரு பழம்பாட்டு தேவைப்பட்டது. தேடித் தரவேண்டியவன் நான். வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு முதலாளி என்னைத் தன் அறைக்கு அழைத்து, "புலவரே, ஒழுக்கத்தைப் பத்தி நச்சுனு ஒண்ணு வேணும். ரெண்டு வரி போதும். கடிதத்துக்குத் தலைமாட்டுல போடப்போறோம்," என்றார். சுழல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்திருந்தார். கடிதம் யாருக்கு என்று கேட்டேன். "ரோலர் மூணுல ஷீட்டு வாங்குற பொம்பள. வேலை நேரத்துல உக்காந்திருக்கு. கேமராவுல நாலு நிமிஷம் ஓடுது," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு துக்கம்கூட இருந்தது. குடும்பத்தில் யாரோ தவறிவிட்ட மாதிரி.

எங்கள் நிறுவனம் அழுக்குத் துவைக்கிறது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, முதலாளிக்குத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் விரிப்பு, உறை, துண்டு எல்லாவற்றையும் வெளுத்து, சூடான ரோலரில் விட்டுத் தேய்த்து, மடித்து அனுப்புகிறோம். இரண்டு வருடத்துக்கு முன்புவரை வாசல் பலகையில் சலவை நிலையம் என்றுதான் இருந்தது. இப்போது தூய்மைத் தீர்வுகள் என்று இருக்கிறது. முதலாளி தலைவர் ஆனார். கீழ்த்தளத்தில் வேலை செய்கிறவர்கள் குடும்ப உறுப்பினர்கள் ஆனார்கள். குடும்ப உறுப்பினருக்கு மெமோ கொடுப்பது எந்த வீட்டு வழக்கம் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். நான் மூட்டைகளில் ஒட்டும் சீட்டு அச்சடிக்கிற குமாஸ்தா. தமிழ் எம்.ஏ. என்பது என் விண்ணப்பத்தின் மூலையில் பதினோரு வருடம் யாரையும் தொந்தரவு செய்யாமல் கிடந்தது.

அதைத் தோண்டி எடுத்தவர் பயிற்சியாளர். நிர்வாகத்தைச் சீர்திருத்த வந்தவர். எதிரே மூன்று பேர் இருந்தாலும் சட்டைக் காலரில் மைக் மாட்டிக்கொண்டுதான் பேசுவார். அதனால் கீழே எல்லோரும் அவரைக் காலர் மைக் என்றார்கள். இன்றைக்கு மேலைநாட்டார் தலைமை, நிர்வாகம் என்று என்னென்ன எழுதுகிறார்களோ அத்தனையும் நம் பழைய இலக்கியத்தில் இருக்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஆளுங்க எல்லாத்தையும் சொல்லிட்டாங்க சார். ஸ்லைடு மட்டும்தான் போடல," என்றார். முதலாளிக்குப் புல்லரித்தது. அன்றிலிருந்து திங்கட்கிழமை தோறும் காலை ஒன்பது மணிக்கு மடிப்புக் கூடத்தில் 'அற நேரம்'. எல்லோரும் வரிசையில் நிற்கவேண்டும். திரையில் ஒரு பாட்டு வரும். முதலாளி அதைப் படித்து, அதில் தான் எங்கே இருக்கிறார் என்று விளக்குவார். இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கழித்துக்கொள்வார்கள்.

பயிற்சியாளர் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சலே. பழைய பாட்டுகளில் அரசனைப் பற்றி நிறைய இருக்கிறது. பாடினவர்கள் பசியோடு அரண்மனைக்குப் போனவர்கள்தான். ஆனாலும் பாதிப் பாட்டில் யானையையும் முரசையும் புகழ்ந்துவிட்டு, மீதிப் பாட்டில் அவன் முகத்துக்கு நேரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள். புகழ்ச்சி மேலே, கேள்வி கீழே. பயிற்சியாளரின் ஸ்லைடில் எழுத்து பெரிதாக இருக்கவேண்டும், பின்னால் ஒரு சிங்கம் நிற்கவேண்டும். இரண்டு வரிக்கு மேல் இடம் கிடையாது. மூன்றாவது வரி சிங்கத்தின் வாயை மறைக்கும். ஆக, வாராவாரம் கேள்விதான் வெட்டுப்பட்டது. வெட்டினவன் நான். வெட்டிய வரிகளைத் தூக்கிப்போட மனம் வராமல் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். அட்டையில் 'மீதி' என்று போட்டிருந்தேன். அறுபத்தோரு பாட்டின் கீழ்ப்பாதிகள் என் மேசை இழுப்பறையில் இருந்தன. எதிர்த்துப் பேசத் துணியாதவன் செய்கிற வேலை இது. அதற்கு நான் மனசாட்சி என்று பெயர் வைத்திருந்தேன்.

இப்போது அந்த அறையில் நின்றுகொண்டு, "சார், அது எங்க அக்கா," என்றேன்.

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார். ஒரு நொடி எனக்கு நம்பிக்கை வந்தது. அவர் எழுந்து மேசையைச் சுற்றி வந்து என் தோளில் கைவைத்தார். "பாத்தீங்களா," என்றார் சோபாவில் இருந்த பயிற்சியாளரிடம். "சொந்த அக்கா. இருந்தாலும் பாட்டு எடுத்துக் குடுக்குறார். இதுதான் நடுநிலைமை."

"அருமை சார்," என்றார் பயிற்சியாளர். "இதையே ஒரு கதையா என் அடுத்த கூட்டத்துல சொல்லலாம்."

"நான் இன்னும் எடுத்துக் குடுக்கல சார்," என்றேன்.

"குடுப்பீங்க புலவரே. எனக்கு நம்பிக்கை இருக்கு. மனுஷங்க மேல நம்பிக்கை வெக்கிறதுதானே தலைமை." பிறகு திட்டத்தைச் சொன்னார். திங்கட்கிழமை அற நேரத்துக்கு விருந்தினர் வருகிறார்கள். தொழிலதிபர் சங்கம் ஒன்று 'அறவழித் தலைவர்' விருது கொடுக்கப்போகிறது. அதற்கான நடுவர் மூன்று பேர். அவர்கள் முன்னிலையில் அக்காவின் விசாரணையை வெளிப்படையாக நடத்திவிடலாம். ஒளிவுமறைவு இல்லாத நிர்வாகம் என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். மன்னிப்புக் கடிதத்தை அவள் எல்லோர் முன்னாலும் வாசித்தால், வேலையை விட்டு நிறுத்துவதைப் பற்றி மறுபரிசீலனை செய்வார். வாசிக்கவில்லையென்றால் பாட்டோடு கடிதம். "கருணைக்கும் ஒரு பாட்டு தேடி வெச்சிருங்க. எது தேவைப்படுதோ அதைப் போட்டுக்கலாம்," என்றார்.

அக்கா உட்கார்ந்த கதையைச் சொல்லவேண்டும். ரோலர் என்பது ஆள் நீளத்துக்குப் பெரிய சூட்டுருளை. இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து உள்ளே விடுவார்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர் நின்று, கொதிக்கக் கொதிக்க வெளியே வருவதை வாங்கி, நாலாக மடித்து அடுக்குவார்கள். அக்கா வாங்குகிற பக்கம், பத்தொன்பது வருடமாக. அந்தப் பக்கத்தில் முன்பு உயரமான ஸ்டூல்கள் இருந்தன. விரிப்பு வந்துசேர எடுக்கும் அரை நிமிடத்துக்கு ஒரு காலின் பாரத்தை அதில் போடலாம். அக்காவுக்கு இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது. நிற்காதீர்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, பர்சனல் ஆபீசரின் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன் ஸ்டூல்களைத் தூக்கிவிட்டார்கள். தூக்க வைத்தது ஒரு பாட்டு. அந்தப் பாட்டைத் தேடிக் கொடுத்ததும் நான்தான்.

பெயர் தெரியாத ஒருத்தி ஓர் அரசனைப் பார்த்துப் பாடியது அது. உன் வீரர்கள் மூன்று இரவு மழையில் தோளில் வேலோடு நின்றார்கள், ஒருவனும் உட்காரவில்லை, பகைவன் அதைப் பார்த்தே திரும்பிப் போனான் என்பது மேல்பாதி. திரையில் அது வந்ததும் பயிற்சியாளர், "உக்காந்தவன் ஜெயிச்சதா சரித்திரமே இல்ல," என்றார். முதலாளி கூடத்தை ஒரு சுற்று பார்த்தார், கண் ஸ்டூல்களில் வந்து நின்றது. மறுநாள் ஸ்டூல்கள் கிடங்குக்குப் போயின. அந்த இரண்டு வரியைப் பச்சை எழுத்தில் ரோலருக்கு மேலே சுவரில் எழுதினார்கள். அக்கா நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். போன செவ்வாய்க்கிழமை, துணிக்கூடை ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் நாலு நிமிடம் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அக்கா பக்கெட்டில் காலை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இரண்டு பேர்தான் வீட்டில். அவளுக்குக் கல்யாணம் நிலைக்கவில்லை, எனக்கு நடக்கவே இல்லை. ஞாயிறுதோறும் நான் மறுநாளைய பாட்டை உரக்கப் படித்துப் பார்ப்பது வழக்கம். அவள் கேட்கிறாளா இல்லையா என்று நான் கவனித்ததில்லை. அன்றைக்கு நான் படிக்கவில்லை. நிறுத்தும் கடிதத்தைப் பற்றியும், மன்னிப்பு வாசிப்பதைப் பற்றியும், இரண்டுக்கும் பாட்டு தேடச் சொன்னதைப் பற்றியும் சொன்னேன். கடைசியில் ஸ்டூல் போனது என்னால்தான் என்றும் சொன்னேன்.

"அது தெரியும்," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கிழம நீ கத்துறது திங்கக்கிழம செவுத்துல வருது. இதுக்கு எம்.ஏ. படிக்கணுமா?" காலைப் பக்கெட்டிலிருந்து எடுத்துத் துண்டில் வைத்தாள். "ஆனா நீ கத்தும்போது நீளமா இருந்துச்சு. செவுத்துல குட்டையாப் போச்சு. மீதிய என்னடா பண்ணின?"

நோட்டை எடுத்துவந்து காட்டினேன். அவள் பக்கங்களைப் புரட்டினாள். அறுபத்தோரு பக்கம். திருடினவனின் மூட்டையைப் போலீஸ்காரர் பிரித்துப் பார்ப்பது மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இவ்வளவா," என்றாள். பிறகு, "ஏன்டா, அவனுக்கு அறிவு இல்ல, விட்டுத் தள்ளு. உனக்கு இருந்துச்சுல்ல? இருந்தும் இழுப்பறைக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு, என் பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டிருக்க," என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை. அதனால் எனக்குத் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று.

"என் பாட்டோட மீதிய எடு," என்றாள். எடுத்தேன். பாட்டைப் படித்துப் பொருள் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவை அவளே சொன்னாள். பிறகு, அவள் வாசிப்பதற்காக ஆபீசில் அடித்து என்னிடம் கொடுத்தனுப்பியிருந்த மன்னிப்புக் கடிதத்தை வாங்கி, ஈரக் காலுக்குக் கீழே விரித்தாள்.

திங்கட்கிழமை மடிப்புக் கூடத்தைக் கண்ணாடி போலத் துடைத்திருந்தார்கள். நடுவர்களுக்கு மூன்று குஷன் நாற்காலி, முதலாளிக்கு ஒன்று. எண்பது பேர் நின்றார்கள். திரையில் சிங்கம். அதற்கு மேலே அக்காவின் பாட்டு. விசாரணைக்குப் பொருத்தமானது என்று பயிற்சியாளரே அதைத் தேர்ந்தெடுத்திருந்தார். முதலாளி அதைப் படித்து, தானும் தினமும் எத்தனை மணி நேரம் உழைக்கிறார் என்று உட்கார்ந்தபடியே விளக்கினார். அதன்பிறகு அக்காவை முன்னால் வரச் சொன்னார்கள். மேல்கோட்டில் பஞ்சுத்தூள் ஒட்டியிருக்க, வலது காலைக் கொஞ்சம் இழுத்தபடி வந்து நின்றாள். கையில் காகிதம் இல்லை.

"பயப்படாம வாசிங்கம்மா," என்றார் முதலாளி. "இது உங்க குடும்பம்."

"வாசிக்க ஒண்ணும் இல்ல சார். ஒரு சந்தேகம். செவுத்துல இருக்கிற இந்தப் பாட்டு இதோட முடியுதா?"

முதலாளி பயிற்சியாளரைப் பார்த்தார். பயிற்சியாளர் திரையைப் பார்த்தார், சிங்கம் சொல்லித்தரும் என்பதுபோல. "முழுப் பாட்டுதான்மா. ரெண்டாயிரம் வருஷமா இப்படித்தான் இருக்கு," என்றார். மைக் வழியாகச் சொன்னதால் அது நிஜம்போலவே கேட்டது.

"கீழ இன்னும் ரெண்டு வரி இருக்கு. பாட்டு உங்ககிட்ட இருக்கட்டும் சார். எனக்கு அது வராது. பொருள் மட்டும் சொல்றேன்." அக்கா சுவரைப் பார்க்கவில்லை. நேராக முதலாளியைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு ராஜாகிட்ட சொல்றா. உன் ஆளுங்க மூணு ராத்திரி நின்னாங்கன்னு நான் உன்னைப் பாட வரல. அவங்க நிக்கும்போது நீயும் மழையில நின்ன. நாலாம் நாளு கூடாரத்துல ஒவ்வொருத்தனா உக்கார வெச்சு, வீங்கின கால நீ பிடிச்சுவிட்ட. அதைக் கேள்விப்பட்டுத்தான் வந்தேன். இல்லன்னா உன் வாசப்படி மிதிச்சிருக்க மாட்டேன்னு சொல்றா."

ரோலர்களை நிறுத்தியிருந்ததால் எங்கோ குழாயில் நீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"கால நீங்க பிடிச்சுவிட வேணாம் சார். அது ராஜா பண்ற வேலை," என்றாள் அக்கா. "ஸ்டூல குடுத்துட்டா போதும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர். முதலாளியின் காதுமடல் சிவந்தது. கூட்டத்தில் என்னைத் தேடினார். "புலவரே, அப்படி ஒண்ணு இருக்கா என்ன?"

எண்பது பேரும் திரும்பினார்கள். இல்லை என்று ஒரு சொல். மூட்டைச் சீட்டு அச்சடிக்கிற வேலை பத்திரமாக இருக்கும். அக்கா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. அவள் முதுகு தெரிந்தது. பாரத்தை இடது காலுக்கு மாற்றினாள்.

"இருக்கு சார்," என்றேன்.

"அப்ப ஏன் எனக்குக் குடுக்கல?"

"ஸ்லைடுல இடம் இல்ல சார்."

நடுவர்களில் ஓர் அம்மாள் கைதட்டினார். மற்ற இருவரும் தட்டினார்கள். தொழிலாளியே பழம்பாடலுக்கு விளக்கம் சொல்கிற நிறுவனத்தை இதுவரை எங்கும் பார்த்ததில்லை என்றார் அந்த அம்மாள், குறிப்பேட்டில் எழுதியபடி. இது நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று அவர்கள் நினைத்துவிட்டது முதலாளிக்குப் புரிய இரண்டு நொடி ஆயிற்று. மூன்றாவது நொடியில் எழுந்து நின்றுவிட்டார். "இதுதான் எங்க பயிற்சி," என்றார். "கேள்வி கேக்க நாங்க கத்துக் குடுத்திருக்கோம்." அக்காவின் பக்கத்தில் வந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். ஸ்டூல் உறுதியாக வரும் என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். பயிற்சியாளர் மைக்கை அணைத்துவிட்டு, அதுவரை நான் கேட்டிராத சின்னக் குரலில், "அந்த நோட்டை எனக்கு அனுப்பிவைங்க," என்றார். அடுத்த பயிற்சிக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது போலும்.

ஸ்டூல் வந்தது. வாக்குத் தவறினார் என்று சொல்லமுடியாது. புதன்கிழமை காலை நான் உள்ளே நுழையும்போது அது ரிசப்ஷனில் இருந்தது. பழைய ஸ்டூல்களில் ஒன்றைத் தேய்த்து, மெருகு போட்டு, சிவப்பு வெல்வெட் தைத்து, இரண்டடி உயர மேடையில் வைத்திருந்தார்கள். சுற்றிலும் பித்தளைக் கம்பங்களில் கயிறு. மேலே விளக்கு. பின்னால் சுவரில் பாட்டு, இந்தத் தடவை நாலு வரியும், தங்க எழுத்தில். இடம் என்பது மனது வைத்தால் கிடைக்கிற பொருள்தான் என்று தெரிந்தது. கீழே ஒரு தகடு: 'சமத்துவ இருக்கை. அறவழித் தலைவரின் சிந்தனை.' அதற்குக் கீழே இன்னொன்று, சின்னதாக: 'தொடவேண்டாம்.'

மடிப்புக் கூடத்தில் ஸ்டூல் எப்போது வரும் என்று பர்சனல் ஆபீசரிடம் கேட்டேன். "அதான் வந்துருச்சே," என்றார். அக்காவின் மெமோ என்ன ஆயிற்று என்றேன். அது பரிசீலனையில் இருக்கிறது, விருது விழா முடியட்டும் என்றார். நிறுத்தும் கடிதம் என் கணினியிலேயே இருந்தது. தலைமாட்டில் இரண்டு வரிக்கு இடம் விட்டு வைத்திருந்தது.

பதினோரு மணிக்கு ரிசப்ஷன் பெண் மேலே ஓடிவந்தாள். "அண்ணா, உங்க அக்காவ வந்து பாருங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. சார் வண்டி கேட்டுக்குள்ள வந்திருச்சு." படியில் இறங்கும்போதே கீழே மூன்றாம் ரோலரின் மணி விடாமல் அடிப்பது கேட்டது. வாங்க ஆள் குறைந்து விரிப்புகள் தரையில் குவியும்போது அடிக்கிற மணி.

கயிற்றை அவிழ்த்து ஓரமாக மடித்து வைத்திருந்தாள், நாலாக, விளிம்பு பிசகாமல். கைப்பழக்கம். மேல்கோட்டோடு வெல்வெட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். விளக்கின் வெளிச்சம் அவள் தலைமேல் சரியாக விழுந்தது. ஒரு செருப்பு கீழே கிடந்தது.

"அக்கா, எந்திரி. அவர் வந்துட்டார்."

"வரட்டும். நாலு நிமிஷம் ஆகல இன்னும்," என்றாள். "நீ உன் வேலையப் பாரு."

என் வேலை எது என்று யோசித்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கார் வந்து நின்றது. டிரைவர் இறங்கிச் சுற்றி வந்தான். நான் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் வலது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ரோலர் சூடு இன்னும் அதில் இருந்தது. காலுறையின் விளிம்பு அழுத்தின இடத்தில் பள்ளம், அதற்கு மேலே நீல நரம்பு.

"என்னடா பண்ற, கூச்சமா இருக்கு," என்றாள். காலை இழுத்துக்கொள்ளவில்லை.

கீழே மணி அடித்துக்கொண்டே இருந்தது. டிரைவர் கார் கதவைத் திறந்தான். மெருகேற்றிய கறுப்பு ஷூ ஒன்று வெளியே வந்து, தரையைத் தொடாமல் நின்றது.